சுவரில் மாட்டிய ஊர்களும் பிடுங்கிய ஊசிகளும்

என் அன்புக்கும், அண்மைக் காலமாக என் அச்சத்துக்கும் உரிய மாப்பிள்ளைக்கு,

உன் அக்காள் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்காவும் உடம்பளவில் குறையில்லாமல் இருக்கிறோம். மற்றதில் எல்லாம் குறைதான். அங்கே நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும், உன் மூக்குக்கண்ணாடிக் கடை செழிக்க வேண்டும், அதற்குத் தோதாக உன் ஊர்க்காரர்களுக்குப் பார்வை மட்டும் கொஞ்சம் மங்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொள்கிறேன்.

நிற்க. நீ கோபித்துக்கொண்டு போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து உன் அக்கா என்னோடு பேசுவதில்லை. அறவே பேசுவதில்லை என்று எடுத்துக்கொள்ளாதே. "சாப்பாடு மேசை மேல இருக்கு" என்று சுவரைப் பார்த்துச் சொல்கிறாள். "கேஸ் தீந்துபோச்சு" என்று ஃபிரிட்ஜிடம் சொல்கிறாள். நானும் ஃபிரிட்ஜும் சேர்ந்து புரிந்துகொள்கிறோம். உனக்குப் போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறதே தவிர நீ எடுப்பதில்லை. நீ அன்றைக்கு வந்ததே அக்காவை ஒரு மாதம் உன் வீட்டுக்கு அழைத்துப் போகத்தான் என்பதும், அதைச் சொல்ல நீ வாயெடுப்பதற்குள் நான் உன்னை வாசலுக்கு அனுப்பிவிட்டேன் என்பதும் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அதையும் அவள் என்னிடம் சொல்லவில்லை. கீழ் வீட்டுப் பல் டாக்டரம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். டாக்டரம்மா என் கடைவாய்ப் பல்லைக் குடைந்துகொண்டே அதை என்னிடம் சொன்னார்கள். வாய்க்குள் கருவி இருந்ததால் எனக்கு ஒரு சமாதானமும் சொல்ல வழியில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் உன் அக்கா உன் வீட்டு வாசலை மிதித்ததில்லை. ஒன்று எனக்கு லீவு கிடைக்காது, அல்லது அவளுக்குத் தையல் வேலை முடியாது. இப்போது நான் ஓய்வு பெற்றாயிற்று, அவளும் புது ஆர்டர்களை நிறுத்தி வைத்திருக்கிறாள். இந்தப் பயணமும் என்னால் கெட்டுப்போகக் கூடாது. அதற்காகத்தான் இந்தக் கடிதம். நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன், படித்துவிட்டு நீயே ஒரு நியாயம் சொல்.

சரக்கு ரயிலில் கார்டாக இருந்தவனுக்கு வீட்டில் என்ன வேலை இருக்கும்? நீயே சொல். அவள் உள்ளறையில் உட்கார்ந்து ஏதோ ஒரு ஓட்டலுக்குத் திரைச்சீலை தைத்துக்கொண்டிருப்பாள். நான் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, "கோணலாப் போகுது, நிறுத்து... இப்ப சரி, ஓட்டு" என்று உதவி செய்துகொண்டிருப்பேன். ஒரு நாள் மெஷினை நிறுத்திவிட்டு, "உங்களுக்குப் புண்ணியமாப் போகும், எங்கயாவது போய் எதையாவது பண்ணுங்க" என்றாள். போனேன். பழைய புத்தகக் கடையில் நம் நாட்டின் படம், பெரிய அளவில், இரண்டு தாளாகக் கிடைத்தது. பார்த்ததும் கை நமநமத்தது. இதைப் பலகையில் ஒட்டிச் சுவரில் மாட்டி, நான் போய்வந்த ஊருக்கெல்லாம் ஒரு ஊசி குத்தி, ஊசிக்கு ஊசி நூல் கட்டினால் எப்படி இருக்கும்! வருகிறவர்கள் கேட்பார்கள், நான் சொல்வேன். வாழ்நாளெல்லாம் கடைசிப் பெட்டியில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து வந்தவன் நான். என்னிடம் யாராவது ஏதாவது கேட்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது, வேறொன்றுமில்லை.

முதல் தப்பு அளவெடுப்பதில் நடந்தது. முன்னறையில் ஜன்னலுக்கும் விளக்குச் சுவிட்சுக்கும் நடுவில் உள்ள இடத்தை உன் அக்காவின் தையல் டேப்பை வைத்து அளந்தேன். அந்த டேப்பில் முதல் இரண்டு அங்குலம் எப்போதோ கிழிந்து போயிருக்கிறது. அவள் எதை அளந்தாலும் கடைசியில் இரண்டைக் கழித்துக்கொள்வாள், அது அவளுடைய கைப்பழக்கம். எனக்கு அது எப்படித் தெரியும்? இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் தெரியவில்லையா என்று கேட்காதே, தெரியவில்லை. தச்சர் நான் சொன்ன அளவுக்குப் பிளைவுட் பலகையை அறுத்துச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தார். பலகை சுவரில் ஏறியதும் சுவிட்சு பலகைக்குப் பின்னால் போய்விட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் விளக்குப் போட வேண்டுமானால் பலகையைக் கடலோரப் பக்கமாகக் கொஞ்சம் தூக்கி, பின்னால் கையை விட்டுத் துழாவ வேண்டும். மின்விசிறியை நிறுத்தப் போய் உன் அக்கா பக்கத்திலிருக்கும் அழைப்புமணிச் சுவிட்சை அழுத்துகிறாள், நான் எழுந்து போய்க் கதவைத் திறக்கிறேன்.

அடுத்தது ஒட்டு வேலை. மைதா மாவில் பசை காய்ச்சி நானே ஒட்டினேன். இரண்டு பெட்டிக்கு நடுவில் இடைவெளி இருந்தால் கார்டுக்குத் தூக்கம் வராது. அந்தப் பழக்கத்தில், இரண்டாவது தாளை முதல் தாளின் மேல் நன்றாக ஏற்றி இறுக்கி ஒட்டிவிட்டேன். இணைப்பு கச்சிதமாக இருந்தது. காய்ந்த பிறகு பார்த்தால் நீ குடியிருக்கும் ஊரைக் காணோம். ஊர் மட்டுமில்லை, அதற்கு இருபுறமும் உள்ள ஊர்கள், ஒரு ஆறு, பாதி மலை எல்லாம் பசைக்கு அடியில் போய்விட்டன. பேனாவால் உன் ஊரைத் திரும்ப எழுதலாம் என்று பார்த்தேன். கரையில் இடமில்லாததால் கடலுக்குள் இரண்டு விரற்கடை தள்ளி எழுதினேன். அக்கா அதைப் பார்த்து, "என் தம்பிய மூழ்கடிச்சிட்டீங்களே" என்றாள். அப்போது சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆகையால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பலகையை மாட்டுவதற்குச் சுவரில் துளை போட்டபோது தண்ணீர்க் குழாயையும் சேர்த்துத் துளைத்துவிட்டேன். மேலே எங்கள் வீட்டில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. முழுத் தண்ணீரும் கீழே டாக்டரம்மாவின் சிகிச்சை அறைக் கூரை வழியாக, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருந்த ஒரு நோயாளியின் வாய்க்குள் குறி தவறாமல் இறங்கியிருக்கிறது. அந்த ஆள் இது சிகிச்சையில் ஒரு பகுதி என்று நினைத்துக் கொப்பளித்துத் துப்பியிருக்கிறார். டாக்டரம்மா பெருந்தன்மையானவர்கள், திட்டவில்லை. ஆனால் அன்று முதல் கூரை காய்ந்ததா என்று சொல்ல அடிக்கடி மேலே வருவதும், வந்தவர்கள் பலகை முன்னால் நின்றுவிடுவதும் வழக்கமாயிற்று. இந்தக் கூத்தில் அந்தச் சுவரில் இருந்த உன் அப்பா அம்மா படத்தைக் கழற்றிச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் மாட்டினேன். கதவைச் சாத்தினால் அவர்கள் முகம் நன்றாகத் தெரியும். நாங்கள் அந்தக் கதவைச் சாத்துவதில்லை என்பது வேறு விஷயம். நீ அன்று வந்ததும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததை நான் கவனித்தேன். அது உன் மனதைப் புண்படுத்தியிருந்தால் இப்போதே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஊசி எல்லாம் உன் அக்காவுடையவை. கலர்க் கொண்டை வைத்த தையல் ஊசி, டப்பா நிறைய வைத்திருந்தாள். எனக்குச் சிவப்பு என்று எடுத்துக்கொண்டேன். பூவேலைக்கு வைத்திருந்த நூலையும் எடுத்துக்கொண்டேன். நாடு முழுக்க என் சிவப்பு ஊசிகள் ஏறியதும் பார்க்கப் பிரமாதமாக இருந்தது. உன் ஊர் பேனாவால் எழுதியதென்பதால் அங்கே மட்டும் குத்தவில்லை. மேல் மூலையில் காலி இடம் இருந்ததால் பழைய காலண்டரிலிருந்து ஓர் உலகப் படத்தையும் வெட்டி ஒட்டினேன். அங்கேதான் வினை தொடங்கியது. வருகிறவனெல்லாம் கையில் ஊசியை எடுக்க ஆரம்பித்தான். பேப்பர்காரர் தன் மச்சான் வேலை பார்க்கும் நாட்டில் ஒன்று குத்தினார். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் நடுக்கடலில் ஒன்று குத்தினார். கேட்டால் இடம் காலியாக இருந்தது என்றார். இப்படியே விட்டால் என் ஊசிக்கு மரியாதை இருக்காது. ரயில்வேயில் வளர்ந்தவன், விதி இல்லாமல் வண்டி ஓட்டத் தெரியாது. ஆகவே பலகைக்குக் கீழே அட்டையில் எழுதி ஒட்டினேன்: இறங்கி, ஊருக்குள் கால் வைத்த ஊருக்கு மட்டும் ஊசி.

அந்த விதியை எழுதிய மறுநாள் உன் அக்கா பலகை முன்னால் வந்து நின்றாள். நெடுநேரம் தேடி, ஏரிக்கரையில் உள்ள ஓர் ஊரில் மஞ்சள் ஊசி ஒன்றைக் குத்தினாள். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு இலவசப் பாஸில் இருவரும் ஒரே ஒரு முறை நெடுந்தூரம் போனோம், என் சிநேகிதன் வீட்டு விசேஷத்துக்கு. வழியில் அந்த ஏரி ஊருக்கு வெளியே சிக்னல் கிடைக்காமல் வண்டி நின்றுவிட்டது. நான் மேல் படுக்கையில் ஏறித் தூங்கிவிட்டேன். அவள் ஜன்னலில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். ஏரித் தண்ணீர் படிக்கட்டு வரைக்கும் வந்தது, படகில் ஒருத்தி பிள்ளைக்குத் தலை வாரிவிட்டது, பச்சைக் கதவு போட்ட வீட்டு மாடியில் துணி காயப்போட்ட பெண் இவளைப் பார்த்துக் கை காட்டியது, இவள் திரும்பக் காட்டியது என்று அந்தக் கதையை எத்தனையோ தடவை எனக்குச் சொல்லியிருக்கிறாள். "அங்க நாம எறங்கலையே" என்றேன். "எறங்கல. ஆனா எனக்கு அந்த ஊர் தெரியும்" என்றாள். "விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். வீட்டு ஆளுக்கு விட்டுக்கொடுத்தா நாளைக்கு கேஸ்காரர் என்ன சொல்லுவார்?" என்று ஊசியைப் பிடுங்கி டப்பாவில் போட்டேன். அவள் மெஷினுக்குப் போய்விட்டாள். வீட்டு ஆளுக்கே நான் சலுகை காட்டாதவன் என்பதை நீ புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இனி உன் ஞாயிற்றுக்கிழமை. நீ பையை வைத்துவிட்டு நேரே பலகைக்கு வந்தாய். "அட, பிரமாதம் அத்தான்!" என்றாய். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நீ டப்பாவைத் திறந்து, கண்ணாடிக் கண்காட்சிக்குப் போய்வந்த நாட்டில் ஒரு பச்சை ஊசி குத்தினாய். நியாயம். அத்தோடு விட்டிருக்கலாம். நடுவில் விமானம் மாறிய நாட்டிலும் இன்னொன்று குத்தினாய்.

"அங்க எறங்கினியா?" என்றேன்.

"எறங்காம வேற பிளேன் எப்படி அத்தான் ஏறுறது?"

"ஏர்போர்ட்ட விட்டு வெளிய வந்தியா?"

"வரல. ஆனா அங்கதான் முகம் கழுவினேன், காபி குடிச்சேன். ஒரு ஜோடி செருப்புகூட வாங்கினேன்."

"செருப்பு வாங்கினா ஊரப் பாத்ததாகுமா? இப்படியே போனா டிவில பாத்த ஊருக்கும் குத்துவ" என்று சொல்லி, கூரை விஷயமாக மேலே வந்திருந்த டாக்டரம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே உன் ஊசியைப் பிடுங்கினேன். அந்த அம்மா இருந்ததால்தான் இவ்வளவும். ஆள் பார்க்கும்போது எனக்கு நாக்கு ஒரு முழம் நீண்டுவிடுகிறது. நீ சிரித்துக்கொண்டுதான் இருந்தாய். "சரி அத்தான். அப்ப உங்க ஊசியயும் பாத்துடலாமா?" என்றாய். பார்க்கலாம் என்று தலையாட்டினேன், புத்தி கெட்டவன்.

"இந்த ஊர்ல என்ன பாத்தீங்க?"

"யார்டு."

"இங்க?"

"இங்கயும் யார்டுதான். ஆனா பெரிய யார்டு."

"வடக்க, இந்தக் கோடில?"

"கார்டு ஓய்வறை. கட்டில் நல்லா இருக்கும்."

"ஊருக்குள்ள?"

சரக்கு வண்டி ஊருக்குள் போகாது, மாப்பிள்ளை. ஊருக்கு வெளியே சரக்குக் கிட்டங்கிப் பக்கம் நிற்கும். இறங்கி, கையெழுத்துப் போட்டு, படுத்து எழுந்து, அடுத்த வண்டியில் ஏறித் திரும்ப வேண்டியதுதான். ஊர் விளக்குகள் தூரத்தில் தெரியும். நீ ஒவ்வொரு ஊசியாகப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தாய். நூலெல்லாம் தொய்ந்து தரையில் விழுந்தது. உள்ளறையில் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் சத்தம் நின்றுபோயிற்று. டாக்டரம்மா கூரையைப் பார்க்க ஆரம்பித்தார்கள், அது எங்கள் கூரை. கை நிறைய ஊசியோடு நின்ற எனக்கு என்ன பேசுகிறோம் என்றே தெரியவில்லை. "வந்த வேலையப் பாத்துட்டுக் கெளம்பு" என்றேன். நீ பையை எடுத்துக்கொண்டு, இலையில் உட்காராமலே போய்விட்டாய். வந்த வேலை என்ன என்று அப்போது எனக்குத் தெரியாது.

நீ எதற்குக் கோபித்தாய் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். ஊசியைப் பிடுங்கியதற்கா, உன் ஊரைக் கடலில் தள்ளியதற்கா, பெற்றவர்கள் படத்தைக் கதவுக்குப் பின்னால் வைத்ததற்கா, வாசலைக் காட்டியதற்கா? எதற்கானாலும் மன்னித்துவிடு. படத்தைப் பழையபடி முன்னறைக்குக் கொண்டுவந்துவிட்டேன். உன் பச்சை ஊசியை விமானம் மாறிய நாட்டில் நானே திரும்பக் குத்திவிட்டேன், வேண்டுமானால் செருப்புக்கு ஒன்று தனியாகக் குத்துகிறேன். விதி எழுதிய அட்டையைக் கிழித்தாயிற்று. என் சிவப்பு ஊசியில் ஒன்றைக்கூடத் திரும்ப வைக்கவில்லை. வைக்கப் போனேன், ஒவ்வொரு ஊரிலும் என்ன பார்த்தேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன், கை திரும்பி வந்துவிட்டது. வருத்தமாக இருக்கிறது, மாப்பிள்ளை. ஊரெல்லாம் சுற்றியவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நானும் சிமெண்டு மூட்டையும் ஒன்றாகப் போய் ஒன்றாக வந்திருக்கிறோம். சிமெண்டு மூட்டையாவது ஊருக்குள் போனது.

என்னைப் பற்றி நீ என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள். அக்காவை மட்டும் விட்டுவிடாதே. ஒரு போன் போட்டு, "அக்கா, கிளம்பி வா" என்று நீயாகச் சொல். நான் கூட வர மாட்டேன், என் முகத்தை நீ பார்க்க வேண்டியதில்லை. ஸ்டேஷன் வரைக்கும் கொண்டுவந்து ஜன்னல் பக்கமாக உட்கார வைத்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன். அங்கே அவளுக்கு எதைக் காட்ட முடியுமோ காட்டு. அவள் ஒரு தடவை பார்த்தால் மறக்க மாட்டாள். உனக்கும் உன் மனைவிக்கும் தீர்க்காயுசு உண்டாகட்டும். பிள்ளைகள் உன்னைப் போல வாய்த்துடுக்கும் என்னைப் போல வீம்பும் இல்லாமல் நன்றாக வளரட்டும். டாக்டரம்மாவும் உன்னை விசாரித்தார்கள்.

இப்படிக்கு,
உன் மேல் கோபமே இல்லாத, உன் கோபம் தணியக் காத்திருக்கும்,
அத்தான்.

பின்குறிப்பு: மேலே எழுதியது அத்தனையும் வீண். உறை தேடிக்கொண்டிருந்தபோது உன் அக்கா பின்னால் நின்று முழுவதையும் படித்துவிட்டாள். என் முகத்தைப் பார்த்துப் பேசினாள். "அவனுக்கு என்ன கோபம்? அன்னிக்கு சாயங்காலமே போன் பண்ணி விழுந்து விழுந்து சிரிச்சான்" என்கிறாள். நீ நம்பர் மாற்றிவிட்டாயாமே? நான் தினமும் யாருக்கு அடித்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை, அவரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும். பயணச்சீட்டு அன்றைக்கே எடுத்தாயிற்றாம். நாளைக் காலையில் வண்டியாம். கட்டிலுக்கு அடியில் பெட்டி தயாராக இருக்கிறது. "அப்ப ஞாயித்துக்கிழமையிலிருந்து எங்கிட்ட ஏன் பேசல?" என்று கேட்டேன். "ஞாயித்துக்கிழமையா? நான் அதுக்கு ஒரு வாரம் முன்னாடியே பேசறத நிறுத்திட்டேன். நீங்கதான் கவனிக்கல" என்றாள். பிறகு, "அவனுக்கு இத்தன பக்கம் எழுதினீங்களே. எனக்கு ஒரு வரி எழுதத் தோணுச்சா?" என்றாள்.

இப்போது கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். "வண்டில படிக்க ஒண்ணும் இல்ல, இதக் குடுங்க. இன்னொரு தடவை படிச்சிட்டு, அவன்கிட்டக் குடுக்கறதா கிழிச்சுப் போடறதான்னு பாக்கறேன்" என்கிறாள். கொடுத்துத்தான் ஆக வேண்டும். அவள் முதலில் படிக்கப்போவதால் அவளுக்கு ஒரு வரி இங்கேயே எழுதிவிடுகிறேன்: நான் போன எந்த ஊரையும்விட, நீ ஜன்னலில் இருந்து பார்த்து எனக்குச் சொன்ன ஊர்தான் எனக்கு நன்றாகத் தெரியும். அந்த ஊசியை நான் பிடுங்கியிருக்கக் கூடாது.

மாப்பிள்ளை, இந்தக் கடிதம் கிழிபடாமல் உன் கைக்கு வந்து சேர்ந்திருந்தால் தயவுசெய்து உடனே எனக்கு ஒரு போன் போடு. உன் புது நம்பரை அவள் தர மாட்டேன் என்கிறாள். நான் வீட்டில்தான் இருப்பேன், எங்கேயும் போக மாட்டேன்.